யாரைக் கேட்டு எழுதினீங்க?

இந்த வாரம் ஒரு அரசாங்க ரிப்போர்ட்டை விமர்சனம் பண்ணப் போகிறேன். அவசரப்பட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடாதீர்கள். இந்த ரிப்போர்ட்டின் கதையில் கோர்ட் வருகிறது, யானை வருகிறது, உயிரோடு இருந்த ஒரு எம்.பி.க்கு நடத்திய சவ ஊர்வலம்கூட வருகிறது. சினிமா விமர்சனத்தில் இதெல்லாம் சேர்ந்து கிடைக்காது.

ரிப்போர்ட்டின் பெயர் நீளம். சுருக்கமாக, காட்கில் அறிக்கை. குஜராத் எல்லையில் தபதி ஆற்றங்கரையில் ஆரம்பித்து கன்னியாகுமரி வரை நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையை எப்படிக் காப்பாற்றுவது, எங்கே என்ன செய்யலாம், எங்கே எதையும் தொடக்கூடாது என்று ஆராய்ந்து, மாதவ் காட்கில் தலைமையிலான 14 பேர் குழு 2011 ஆகஸ்ட் 31 அன்று மத்திய அரசிடம் கொடுத்தது. பிள்ளையார்சுழி போட்டது நம்ம ஊரில்தான். 2010 பிப்ரவரியில் கோத்தகிரியில் மலையைக் காக்க விரும்புகிறவர்கள் கூடிப் பேசினார்கள். அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அங்கே வந்தார், கேட்டார், அடுத்த மாதமே குழுவை அமைத்துவிட்டார். அரசாங்கத்தில் இவ்வளவு வேகமா என்று வியக்காதீர்கள். அதற்கெல்லாம் சேர்த்துப் பின்னால் தாமதம் வரப்போகிறது.

நான் பி.காம். படித்தவன். சூழலியல் பற்றிப் பேச எனக்கு என்ன அருகதை என்று கேட்பீர்கள். நியாயம். ஆனால் பி.காம். ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. எந்த ரிப்போர்ட்டையும் பின்பக்கத்திலிருந்து படிப்பது. கம்பெனி ஆண்டறிக்கையில் முதல் பக்கத்தில் சேர்மன் கோட் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார். உண்மை கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்துக் குறிப்புகளில் இருக்கும். அப்படித்தான் ஐந்நூறு பக்கத்துக்கு மேல் போகும் இதையும் பின்னாலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்த அறிக்கையைப் போல் மனசாட்சியோடு எழுதப்பட்ட அரசு ஆவணத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. குழுவில் ஆராய்ச்சியாளர்கள் மட்டுமில்லை. நீலகிரி வக்கீல் பி.ஜே.கிருஷ்ணன் இருந்தார். யானைகளைப் பற்றி ஆயுசெல்லாம் ஆராய்ந்த ஆர்.சுகுமார் இருந்தார். பொருளாதார நிபுணர் இருந்தார். ஊர் ஊராகப் போனார்கள். சிந்துதுர்க் மாவட்டத்தில் 25 கிராம சபைகள், 'எங்கள் ஊரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவியுங்கள்' என்று தாங்களாகவே தீர்மானம் போட்டிருந்ததை அறிக்கை எடுத்துச் சொல்கிறது. சுரங்கத்துக்குப் பயந்த ஊர்கள் அவை. 'பாதுகாப்பு என்றாலே மக்கள் எதிர்ப்பார்கள்' என்று டெல்லியில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மண்ணைக் கெடுக்காமல் பயிர் செய்கிற விவசாயிக்குப் பணம் கொடுக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். மண்ணில் கரியைச் சேமித்து வைக்கிறாரே, அந்தச் சேவைக்குக் கூலி. வெறுமே 'செய்யாதே, செய்யாதே' என்று சொல்லாமல், செய்கிறவனுக்கு வரவுப் பத்தியில் ஒரு தொகையை எழுதிய அறிக்கை இது. என் போன்ற காமர்ஸ்காரனுக்கு இது போதும், எழுந்து நின்று கைதட்ட.

சரி, குறைக்கு வருகிறேன். குறைதான் இந்தக் கட்டுரை.

குழு மொத்த மலையையும், 1,29,037 சதுர கிலோமீட்டரையும், சூழல் கூருணர்வுப் பகுதி என்றது. அதாவது, தொட்டால் புண்ணாகிற இடம். அதை மூன்று மண்டலமாகப் பிரித்தது. முதல் மண்டலத்தில் கட்டுப்பாடு அதிகம், மூன்றாவதில் குறைவு. பிரிப்பதற்கு மலையைக் கட்டம் கட்டமாக வெட்டினார்கள். ஒரு கட்டம் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர். அந்த ஒரு கட்டத்துக்குள் காடு இருக்கும், டீ எஸ்டேட் இருக்கும், பஸ் ஸ்டாண்டு இருக்கும், மூன்று சர்ச், இரண்டு கோயில், ஒரு சந்தை இருக்கும். கட்டங்களைக் கூட்டித் தாலுகா தாலுகாவாக மண்டலம் ஒதுக்கிவிட்டார்கள். வயநாட்டில் அரை ஏக்கர் மிளகு வைத்திருக்கிற ஒருவர், 'என் தோட்டம் எதில் வருது?' என்று கேட்டால் பதில், 'உங்க தாலுகாவே ஒண்ணாம் நம்பர் மண்டலம்.' அவர் என்ன செய்வார் சொல்லுங்கள்?

'இது தற்காலிகம்தான், கிராம சபைகளோடு உட்கார்ந்து பேசித்தான் எல்லையை முடிவு செய்ய வேண்டும்' என்று அறிக்கையே சொல்கிறது. சத்தியமாகச் சொல்கிறது. ஆனால் அதைப் பத்திகளில் சொல்கிறது. கூடவே எந்த மண்டலத்தில் எதைச் செய்யலாம், செய்யக்கூடாது என்று நீளமான பட்டியல் ஒன்றைப் போட்டிருக்கிறது. ரசாயனப் பூச்சிமருந்தை முதல் மண்டலத்தில் ஐந்து வருஷத்தில் நிறுத்து, இரண்டாவதில் எட்டு, மூன்றாவதில் பத்து என்கிற அளவுக்குத் துல்லியமான பட்டியல். பத்தியையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் ஜனங்கள் பட்டியலைத்தான் படிப்பார்கள். பேலன்ஸ் ஷீட் எண்ணைத்தான் பார்ப்பார்கள், கீழே 'இது எங்கள் அனுமானம்' என்கிற குறிப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். ஊரைக் கேட்டு முடிவு பண்ணுவோம் என்று வருகிறவர், கையில் பூர்த்தி செய்த படிவத்தோடு வரலாமா? மக்களை நம்பிய ஒரு மனிதர் எழுதிய அறிக்கை, மக்கள் கண்ணுக்கு மேலிருந்து வந்த உத்தரவு மாதிரித் தெரிந்ததற்கு முதல் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இரண்டாவது காரணத்துக்குக் குழு பொறுப்பில்லை. அறிக்கையை வாங்கிய அமைச்சகம் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் கேட்டார். கொடுக்க மாட்டோம் என்றார்கள். 2012 ஏப்ரலில் மத்திய தகவல் ஆணையம் கொடுக்கச் சொன்னது. அமைச்சகம் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போனது. கோர்ட்டும் தள்ளிவிட்ட பிறகு, மே மாதம் வெளியே விட்டார்கள். நம் வரிப்பணத்தில் எழுதிய ரிப்போர்ட்டை நமக்குக் காட்டாமல் இருக்க, நம் வரிப்பணத்திலேயே வக்கீல் வைத்து வாதாடினார்கள். இதற்கு ஜர்னல் என்ட்ரி எப்படிப் போடுவது என்று என் பழைய புரொபசரைத்தான் கேட்க வேண்டும்.

வெளியே வந்தது இங்கிலீஷில். ஐந்நூறு பக்க இங்கிலீஷுக்கும் இடுக்கி விவசாயிக்கும் நடுவே இருந்த பள்ளத்தை யார் நிரப்பினார்கள்? வதந்திதான். பட்டா போய்விடும், வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள், மாடு கட்ட முடியாது. 2013 நவம்பரில் கேரள மலை மாவட்டங்கள் ஹர்த்தாலில் கொதித்தன. அறிக்கையை ஆதரித்துப் பேசிய இடுக்கி காங்கிரஸ் எம்.பி. பி.டி.தாமஸுக்குத்தான் அந்தச் சவ ஊர்வலம். 2014 தேர்தலில் கட்சி அவருக்கு அங்கே சீட் கொடுக்கவில்லை. அறிக்கையை எதிர்த்த மலைநாடு பாதுகாப்புக் குழுவின் வேட்பாளர், இடதுசாரி ஆதரவோடு ஜெயித்தார். எதிர்த்தவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். தங்களைக் கேட்காமல் தங்கள் நிலத்தைப் பற்றி எழுதப்பட்ட காகிதத்தைக் கண்டு பயப்படுவது முட்டாள்தனமில்லை. குவாரிக்காரர்கள் அந்தப் பயத்துக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

காட்கிலின் சூட்டைத் தணிக்க, 2012 ஆகஸ்ட்டில் விண்வெளி விஞ்ஞானி கஸ்தூரி ரங்கன் தலைமையில் இன்னொரு குழு. 2013 ஏப்ரலில் அறிக்கை. இவர்கள் செயற்கைக்கோள் படத்தை 24 மீட்டர் துல்லியத்தில் பார்த்தார்கள். ஒன்பது கிலோமீட்டர் எங்கே, 24 மீட்டர் எங்கே! தாலுகாவை விட்டுவிட்டுக் கிராமத்தை அலகாக வைத்தார்கள். உங்கள் ஊர் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று நீங்களே தேடிக்கொள்ளலாம். நல்ல முன்னேற்றம், மறுக்கவில்லை. மலையில் 37 சதவிகிதம், சுமார் 60,000 சதுர கிலோமீட்டரைப் பாதுகாத்தால் போதும் என்றார்கள்.

இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. காட்கில் கணக்கில் மலையின் மொத்தப் பரப்பு 1,29,037. கஸ்தூரி ரங்கன் கணக்கில் 1,64,280. மலை நடுவில் வளர்ந்துவிட்டதா? இல்லை, எல்லைக்கோட்டை இவர் ஒரு மாதிரி போட்டார், அவர் ஒரு மாதிரி போட்டார். டி.வி. விவாதங்களில் 'அவர் இத்தனை சதவிகிதம் சொன்னார், இவர் குறைத்துவிட்டார்' என்று கத்தியவர்கள் எதில் சதவிகிதம் என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. 24 மீட்டர் படத்தில் மரம் தெரியும், பாறை தெரியும். மனிதர் என்ன நினைக்கிறார் என்று தெரியாது. கிராமத்தில் 20 சதவிகிதமோ அதற்கு மேலோ இயற்கை நிலம் இருந்தால் முழுக் கிராமமும் பட்டியலில். மிச்சம் 80 சதவிகிதத்தில் குடியிருப்பவர் கேட்டார், 'எங்களை ஏன் சேர்த்தீங்க?' திரும்பவும் அதே கேள்வி. காட்கில் அதே 2013ல் கஸ்தூரி ரங்கனுக்குத் திறந்த மடல் ஒன்று எழுதினார். உள்ளூர் ஜனங்களுக்குப் பொருளாதார முடிவுகளில் பங்கே இல்லை என்கிற தொனியில் எழுதியிருக்கிறீர்களே என்று அதில் கோபப்பட்டார். பெரிய விஞ்ஞானிகள் இருவர் பகிரங்கமாகச் சண்டை போட்டது நமக்கு நல்லதுதான். அந்தச் சண்டையில்தான் விஷயமே இருக்கிறது.

விஷயம் இதுதான். 'பார்ட்னர்ஷிப்' என்ற சொல்லை இப்போது எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். பல்கலைக்கழகமும் அரசும் பார்ட்னர், ஆராய்ச்சி நிலையமும் மக்களும் பார்ட்னர், கூட்டாகத் திட்டமிடுகிறோம் என்று கருத்தரங்கில் பேனர் கட்டுகிறார்கள். நாங்கள் படித்த 1932ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம் இதில் கறாரானது. லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள ஒப்பந்தம் இருக்க வேண்டும், தொழிலை எல்லோருமோ எல்லோருக்காக ஒருவரோ நடத்த வேண்டும். 'ஸ்லீப்பிங் பார்ட்னர்' என்று ஒருவர் உண்டு. பணம் போடுவார், கடைப் பக்கம் வர மாட்டார், லாபத்தில் பங்கு வாங்கிக்கொள்வார். நம் பிராந்தியத் திட்டங்களில் மலைக் கிராமத்துக்காரர் ஒரு விசித்திரமான பார்ட்னர். நிலம் அவருடையது, கடைக்குள் அனுமதி இல்லை, லாபத்தில் பங்கில்லை, நஷ்டம் வந்தால் மட்டும் முழுதும் அவருக்கு.

உண்மையான பார்ட்னர்ஷிப் எப்படி இருக்கும்? அதே மலையில், வால்பாறையில் பார்க்கலாம்.

சுமார் 220 சதுர கிலோமீட்டர் டீயும் காபியும். சுற்றி ஆனைமலைக் காடு. யானைகள் எஸ்டேட் வழியாகத்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்காக அவற்றின் பின்னால் நடந்தார்கள். ஆட்கள் எப்படிச் சாகிறார்கள் என்று பார்த்தபோது, பெரும்பாலும் யானை அங்கே நிற்பது தெரியாமல் எதிரே போனவர்கள்தான் மாட்டியிருந்தார்கள். சாயங்காலம் வேலை முடிந்து, பஸ்ஸைவிட்டு இறங்கி, லயன் வீட்டுக்கு நடக்கிறவர்கள். அப்படியென்றால் தேவை வேலியும் வெடியும் இல்லை, தகவல். லோக்கல் கேபிள் டி.வி.யில் கீழே ஓடும் எழுத்தில் யானை இருக்கும் இடத்தைப் போட்டார்கள். 2011 முதல் மொபைலுக்கு எஸ்.எம்.எஸ். முக்கியமான திருப்பங்களில் சிவப்பு விளக்கு. பக்கத்தில் யானை நின்றால் அங்கே குடியிருக்கிறவரே தன் போனிலிருந்து அந்த விளக்கை எரிய வைக்கலாம். வனத்துறையும் எஸ்டேட் நிர்வாகங்களும் சேர்ந்துகொண்டன. சாவுகள் குறைந்தன. இதை நடத்திய ஆனந்த குமாருக்கு 2015ல் விட்லி விருது கிடைத்தது.

நான் ஒருமுறை அந்த ஊருக்குப் போயிருந்தபோது, இருட்டின பிறகு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவில் சிவப்பு விளக்கு மினுக்கியது. பஸ்ஸுக்குள் பேச்சு தானாக அடங்கியது. இறங்க வேண்டிய அம்மா ஒருவர் இறங்காமல், 'அடுத்த ஸ்டாப்புல விட்டுடு தம்பி' என்றார். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையை அந்த பஸ்ஸில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். படிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதில் பாதியை அவர்களே எழுதியிருந்தார்கள்.

வால்பாறை சின்ன இடம், ஒரே ஒரு பிரச்னை, யானை; ஒரு மாநிலத் திட்டத்துக்கு இது ஒத்துவருமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். கோவாவில் முயற்சி செய்தார்கள். 2006ல் அறிவித்த பிராந்தியத் திட்டத்தை எதிர்த்து ஜனங்கள் தெருவில் இறங்க, 2007ல் அரசு அதைத் திரும்பப் பெற்றது. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா போன்றவர்கள் இருந்த ஒரு குழு, 2021ஐ மனதில் வைத்துப் புதுத் திட்டம் தீட்டி, வரைபடத்தை ஊர் ஊராகப் பஞ்சாயத்துகளுக்கே அனுப்பிக் கருத்துக் கேட்டது. கிராம சபைகள் உட்கார்ந்து பேசின, எழுதிக் கொடுத்தன. முடிவில் வந்த திட்டத்தில் தாங்கள் சொன்னது இல்லை என்று பல ஊர்கள் குமுறின. 2012ல் ஆட்சி மாறியதும் திட்டத்தையே கிடப்பில் போட்டார்கள். ஊரைக் கேட்பது ஒரு வேலை. கேட்டதை எழுத வேண்டியது இன்னொரு வேலை. இரண்டாவதுக்கு யாரும் பேனர் கட்டுவதில்லை. கிராம சபையையே குவாரிக்காரர் விலைக்கு வாங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டால், அதற்கு என்னிடமும் பதில் இல்லை. ஆனால் டெல்லி அலுவலகத்தை விலைக்கு வாங்க முடியாது என்று யாராவது சொன்னால் சிரிப்பேன்.

இப்போது வயநாட்டுக்கு வாருங்கள். இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

கல்பற்றாவில் ஹியூம் சூழலியல் மையம் என்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாவட்டம் முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் மழைமானி வைத்திருக்கிறார்கள். விவசாயிகளும் தோட்டத்துக்காரர்களும் தங்கள் இடத்தில் பெய்த மழையை அளந்து அனுப்புகிறார்கள். மலையில் இந்தச் சரிவில் கொட்டும், அந்தச் சரிவில் தூறும். மாவட்டத்துக்கு ஒரே எண் சொன்னால் பிரயோஜனமில்லை. 2020 ஆகஸ்ட்டில் இந்தக் கணக்கை வைத்து எச்சரித்தார்கள். முண்டக்கையில் ஆட்களை வெளியேற்றினார்கள். பிறகு மண் சரிந்தது. உயிர் போகவில்லை. பேப்பரில் பெரிய செய்தியாக வரவில்லை. சாவு இல்லாவிட்டால் செய்தியும் இல்லை, எங்கள் தொழில் அப்படி.

2024 ஜூலை 29 அன்றும் எச்சரித்தார்கள். மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் போனது. அதே முண்டக்கை. 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் மழை. சிலர் முன்கூட்டியே இடம் மாறினார்கள், முழு ஊரும் மாறவில்லை. 30ஆம் தேதி விடிவதற்குள் புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை மூன்றும் மண்ணுக்கடியில். 250 பேருக்கு மேல் போய்விட்டார்கள். யார் யாருக்கு எப்போது எச்சரிக்கை கொடுத்தார்கள் என்று டெல்லியும் திருவனந்தபுரமும் போட்ட சண்டையை நான் மறுபடி எழுதப் போவதில்லை. காட்கில் அறிக்கை கேரளத்தில் தனியாகப் பெயர் சொல்லிக் கவனிக்கச் சொன்ன இடங்களில் நிலம்பூர் - மேப்பாடி ஒன்று. முண்டக்கை மேப்பாடி பஞ்சாயத்தில் இருக்கிறது. 2019 ஆகஸ்ட்டில் 17 பேரை விழுங்கிய புத்துமலையும் அதே பஞ்சாயத்துதான்.

அறிக்கையை அமல்படுத்தியிருந்தால் அந்த 250 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை. அவ்வளவு மழைக்குக் காடும்கூட சரியும். ஆனால் 2020ல் மழைமானிக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடுவே வேலை செய்த கயிறு, 2024ல் வேலை செய்யவில்லை. அது ஒரு மழைக்காலத்து நல்லெண்ணத்தில் ஓடிய கயிறு. இத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் இன்னார் உத்தரவு போட வேண்டும், இந்த ஊர் இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரமாக அது இருந்திருக்க வேண்டும். பார்ட்னர்ஷிப் டீட் என்று நாங்கள் படித்ததும் அதைத்தான்.

மண் சரிந்த மறுநாள், ஜூலை 31 தேதியிட்டு, மத்திய அரசு மேற்குத் தொடர்ச்சி மலைக்கான வரைவு அறிவிக்கையை ஆறாவது முறையாக வெளியிட்டது. ஆறாவது முறை! முதல் வரைவு 2014ல். ஆறு மாநிலங்கள், 56,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். வயநாட்டில் 13 கிராமங்கள். ஆட்சேபம் இருந்தால் 60 நாளில் எழுதலாம். தமிழ்நாட்டில் 6,914 சதுர கிலோமீட்டர்.

அந்த வரைவு வந்த பிறகு மறுபடி வால்பாறை போயிருந்தேன். டீக்கடைக்காரரிடம் விசாரித்தேன்.

"அப்படி ஒண்ணு வந்திருக்கா சார்? யாரும் சொல்லலையே" என்றார். சொல்லிவிட்டு, மொபைலை எடுத்துப் பார்த்து, "சாயங்காலம் அந்த வளைவுப் பக்கம் நடந்து போகாதீங்க, மூணு நிக்குது" என்றார்.